நாற்பது கிலோ

"ரெண்டு வருஷம் மீன்பிடிக்கத் தடை போடுங்க சார். இப்படியே போனா ஏரியில தண்ணி மட்டும்தான் மிஞ்சும்" என்று கெஞ்சினார் மீனவர்.

ஆராய்ச்சி அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். "நீங்கல்லாம் எழுதிக் கொடுத்ததுதானே இது? எல்லாப் படகும் வெறுங்கையோட திரும்பியிருக்கு. பதினோராம் நம்பர் மட்டும் தினமும் நாற்பது கிலோ. மீன் இருக்கு, மத்தவங்களுக்குப் பிடிக்கத் துப்பில்லைன்னு சொல்லி, மேலிடத்துல தடை வேண்டாம்னுட்டாங்க."

"அந்த ஒண்ணையா சார் நம்பினாங்க?" என்றார் மீனவர்.

மீனவர் வெளியே வந்தபோது, படகுத்துறைப் பலகையில் அன்றைய கணக்கைப் படித்துவிட்டு அவருடைய மாமனார் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார். "இன்னிக்கும் நாற்பது! என் பொண்ணைக் கொடுத்த இடம் சோடை போகல மாப்பிள்ளை!"

மாப்பிள்ளை தலைநிமிராமல், ஒரு செதில்கூட ஒட்டாத வலையைப் பதினோராம் எண் படகிலிருந்து இறக்கினார்.