ஞாயிற்றுக்கிழமைக் கைகள்

கதிரேசனின் செயற்கைக் கைகளைச் செய்த கம்பெனி அந்த மாடலை எப்போதோ மறந்துவிட்டது. அந்தக் கைகளை இயக்கும் கணினி நிரலை எழுத, எல்லோருக்கும் பொதுவான கருவிகளை அந்த மாடலுக்கு ஏற்றபடி அவன் மனைவி தாமரைச்செல்விதான் மல்லுக்கட்டி மாற்றினாள். அந்தக் கருவிகளைப் பல நாட்டு நிரலாளர்கள் சேர்ந்து பராமரிக்கிறார்கள். அவள் மாற்றியதைச் சேர்த்துக்கொள்ள அவர்கள் ஒரே நிபந்தனை போட்டார்கள்: யார் எதை மாற்றினாலும் உடனே சோதித்துப் பார்க்க, அந்த மாடல் கைகள் எப்போதும் இணைப்பில் இருக்க வேண்டும். கிடைத்தவை கதிரேசனுடையவை மட்டுமே.

அதிலிருந்து, எங்கோ எவனோ ஒரு வரியை மாற்றினால் இங்கே இவன் விரல்கள் தானாக விரிந்து மூடும். வீட்டில் கண்ணாடி டம்ளரே மிஞ்சவில்லை. குழந்தையை அவன் தூக்குவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அன்று யாரும் வேலை செய்வதில்லை.

அந்த ஞாயிறு, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்மேல் குழந்தையை நிற்கவைத்து, இடுப்பைப் பிடித்தபடி ரயில் காட்டிக்கொண்டிருந்தான்.

"ஏங்க, சாப்பிட வாங்க," என்று கீழிருந்து தாமரைச்செல்வி கூப்பிட்டாள்.

"இந்த வண்டி போகட்டும். பாப்பா கை தட்டுறா."

அதுவரை சும்மா இருப்பானேன் என்று அந்தக் கருவிகளில் தான் எழுதிய நிரலைத் திறந்தாள். ஒரு வரியின் கடைசியில் தேவையில்லாத ஓர் இடைவெளி. இருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. அவளுக்குத்தான் கண்ணை உறுத்தியது. அழித்து அனுப்பினாள்.

மாடியிலிருந்து கதிரேசன் அலறிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. திரையில் பச்சை எழுத்து வந்திருந்தது: விரல்கள் விரிந்தன, சோதனை வெற்றி.