ரோஜா வாசனை ஜாக்கெட்

“எந்தப் புது மாப்பிள்ளையோட ஜாக்கெட்டுய்யா இது? ரோஜாப்பூ வாசனை தூக்குதே!”

மலை வழிகாட்டிகள் சங்கத் தலைவர் பெலாயித், கையில் தேநீர்க் கெட்டிலோடு முற்றத்தில் நின்று மோப்பம் பிடித்தார். வரிசையில் நின்ற எட்டு வழிகாட்டிகளும் சிரித்தார்கள். ஓரமாக நின்ற இத்தோ மட்டும் சிரிக்கவில்லை.

அட்லஸ் மலையடிவாரத்து ஊர் அது. பனிக்காலத்தின் முதல் ஏற்றத்துக்கு முன்னால் ஒவ்வொருவர் மழை ஜாக்கெட் தோளிலும் தலைவர் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார். முத்து முத்தாக உருண்டு ஓடினால் மேலே போகலாம். ஊறினால் அந்தக் குளிர்காலம் முழுக்க அடிவாரத்தில், மேலே போனவர்களோடு பேசுகிற ரேடியோவுக்கு முன்னால் உட்கார வேண்டியதுதான். பனியில் நனைந்தவன் உயிரோடு இறங்குவது நிச்சயமில்லை என்பதால் இதில் யாருக்கும் சலுகை கிடையாது.

இத்தோவின் கணவர் ஹம்முவும் ஒரு வழிகாட்டிதான். அறுபத்திரண்டு வயது. கோடையில் டாக்டர் அவர் நெஞ்சைச் சோதித்துவிட்டு, “இனிமே மலை ஏறினா இந்த இதயம் தாங்காது” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஹம்மு கேட்கிற ஆளா? “மலைதான் எனக்கு டாக்டர்” என்று சொல்லிவிட்டு, பூட்ஸுக்குக் கொழுப்பு தடவ உட்கார்ந்துவிட்டார். இத்தோ அழுது பார்த்தாள். பேசாமல் இருந்து பார்த்தாள். மனுஷன் மசியவில்லை.

அதனால்தான் அவள் அதைச் செய்தாள்.

சங்கத்து ஜாக்கெட்டுகளை எல்லாம் இருபது வருடமாகத் துவைத்துக் கொடுப்பவள் அவள்தான். வாசனையில்லாத சோப்பு, நாலு அலசல், நிழலில் உலர்த்தி, மேலே ஒரு துணியைப் போட்டு இளஞ்சூட்டில் ஒரு தேய்ப்பு. துணி மெத்தென்று ஆவதற்காகக் கடைசி அலசலில் ஊற்றுகிற அந்த ரோஜாத் திரவத்தை மட்டும் அவள் கிட்டேயே சேர்க்க மாட்டாள். அது பட்டால் மழை ஜாக்கெட் தண்ணீரைத் தள்ளாது, குடிக்கும். ஊருக்கே அதைச் சொல்லிக் கொடுத்தவள் அவள்.

போன வாரம் அவளே சந்தையில் ஒரு பாட்டில் வாங்கினாள். கணவர் ஜாக்கெட்டை அலசும்போது ஒரு மூடி ஊற்றினாள். அதற்கு மேல் ஊற்றக் கை வரவில்லை. நேற்றுப் பார்த்தால் பாட்டில் காலி. எல்லாம் மருமகள் வேலை, தலையணை உறைக்குக்கூட அவளுக்கு வாசனை வேண்டும் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டாள்.

ஒரு மூடி போதுமா? அந்தக் கவலைதான் இப்போது அவளைத் தின்றது.

“ஹம்மு, வா முன்னால” என்றார் பெலாயித்.

ஹம்மு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். தலைவர் கெட்டிலைச் சாய்த்தார். ஒரு சொட்டுகூட உருளவில்லை. வறண்ட மண்ணில் ஊற்றியது போல அத்தனையும் உள்ளே போனது.

“என்னய்யா இது, சல்லடையை மாட்டிக்கிட்டு வந்திருக்க!”

“இன்னொரு தடவை ஊத்துண்ணே! உன் கெட்டில்லதான் கோளாறு!”

இன்னொரு தடவையும் ஊற்றினார். உள்சட்டை நனைந்து ஒட்டியது.

“இத்தோக்கா, எங்களுக்கெல்லாம் மணிக்கணக்கா பாடம் எடுப்பீங்களே. உங்க வீட்டு ஜாக்கெட்டுக்கே ரோஜாத் தண்ணியா?” என்றான் வரிசையில் நின்ற யூபா.

“டேய், அவளை எவனும் ஒண்ணும் சொல்லக் கூடாது!” ஹம்மு சீறினார். “அவ துவைச்சு இருபது வருஷத்துல ஒரு ஜாக்கெட் ஒழுகியிருக்கா? சொல்லுங்கடா!”

இத்தோவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த மனுஷனுக்கா துரோகம் செய்தோம் என்று நினைத்தாள். ஆனாலும் முன்னால் வந்து நின்றாள்.

“என் தப்புதாண்ணே. பாட்டில் மாறிப்போச்சு.”

இருபது வருடப் பெயர் ஒரே நொடியில் போனது. போகட்டும், ஆள் இருந்தால் போதும்.

“அப்ப இந்தக் குளிர்காலம் ரேடியோ உனக்குத்தான் ஹம்மு. முறைன்னா முறைதான்.”

ஹம்மு தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். கம்பளி அங்கியைப் போர்த்திக்கொண்டாவது போவேன் என்றார். அவர் போட்ட சத்தத்தில் சுமை ஏற்றி நின்ற கோவேறு கழுதைகள் மிரண்டன. நாலு பேர் பிடித்து உட்காரவைத்து, புதினாத் தேநீர் கொடுத்துச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. மற்றவர்கள் மலைப்பாதையில் கிளம்பிப் போனார்கள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவர் தரையைப் பார்த்தபடியே நடந்தார். வாதுமை மரங்களைத் தாண்டியதும் இத்தோவால் தாங்க முடியவில்லை. அவருடைய ஈரச் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“பாட்டில் ஒண்ணும் மாறலைங்க. தெரிஞ்சேதான் ஒரு மூடி ஊத்தினேன். உங்களை உயிரோட வச்சுக்க எனக்கு வேற வழி தெரியல. அடிச்சாலும் சரி, திட்டினாலும் சரி.”

ஹம்மு முன்னும் பின்னும் திரும்பி, பாதையில் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

“பைத்தியக்காரி, நீ துவைச்ச ஜாக்கெட் ஒரு மூடிக்கெல்லாம் ஒழுகுமா? மிச்ச பாட்டிலை வாளியில கொட்டி, உனக்குத் தெரியாம அதுல ரெண்டு நாள் ஊறப் போட்டதே நான்தான்” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “நாப்பது வருஷமா மலை மலைன்னு பீத்திக்கிட்ட வாயால, பயமா இருக்குன்னு எப்படிடி சொல்றது? அதான், ஜாக்கெட்டைச் சொல்ல வச்சேன்.”