வான்காரன் செய்த வேலை

"சாதாரண தரப் பரீட்சையில இந்த முறை கணிதம் பாஸ் பண்ணினது ரெண்டே ரெண்டு பேர். ஏன்? படிக்கக்கூடிய பிள்ளைகளை எல்லாம் வாடகை வானில ஏத்தித் திருகோணமலை ரவுணுக்கு அனுப்பிப்போட்டியள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில நம்பிக்கை இல்லாத சனம்."

பிள்ளைகளை வெளியே அனுப்பியவர்களையும் கூப்பிட்டிருந்த பெற்றோர் கூட்டத்தில் அதிபர் கனகசிங்கம் பொரிந்து தள்ளினார். ராசமலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகள் நிருசாவைப் போன மாதந்தான் நகரப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றியிருந்தாள்.

"ஆசைப்பட்டா சேர் அனுப்பினனான்? ரெண்டு வருசமா இஞ்ச கணிதத்துக்கு ஆளில்லை."

"கதையை விடுங்கோ. முதலில அந்த வான்காரன் நஸ்ரியை ஊருக்குள்ள விடக்கூடாது. பள்ளிக்கூடத்தை வெறுமையாக்கினது அவன்தான்."

ராசமலர் கதிரையை விட்டு எழும்பினாள்.

"அவனை விடாட்டி நீங்கள் என்னெண்டு சேர் வருவியள்? விடிய உங்களையும் ரீச்சர்மாரையும் ரவுணிலயிருந்து கொண்டுவந்து இறக்கிப்போட்டு, வெறும் வானாத் திரும்பாமல்தானே எங்கட பிள்ளைகளை ஏத்திக்கொண்டு போறான்? அதுவும் உங்கட மகன் படிக்கிற பள்ளிக்கூடத்துக்குத்தானே?"

வாசலில் ஹோன் சத்தம் கேட்டது. வானிலிருந்து நிருசா புத்தகப் பையோடு இறங்கினாள்.

கூட்டத்தை அவ்வளவோடு முடித்த அதிபர், வீட்டுக்குப் போக அதே வானில் ஏறி, நிருசா எழும்பிய இடத்திலேயே போய்க் குந்தினார்.