புல் மறைத்த வரி

"பெண்களுக்குக் கணக்கு ஏறாது."

பல்கலைக்கழகத்தின் பழைய கல்லறைத் தோட்டத்தில், ஒரு கணிதப் பேராசிரியரின் கல்லறைக் கல்லில் பொறித்திருந்த வரி அது. அதைப் பெயர்க்க ஆட்கள் வந்தபோது, ஓய்வுபெற்ற கணிதத்துறைத் தலைவி கல்லுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

பதிவாளர் கெஞ்சினார். "எந்திரிங்கம்மா. மாணவிங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கேட்டிருக்காங்க. உங்களுக்கும் இது அவமானம்தானே?"

"முதல்ல என்னைத் தூக்குங்க. அப்புறம் கல்லைத் தூக்கலாம்."

"இந்த மனுஷனுக்குப் போய் வக்காலத்தா? உங்களுக்கு என்ன செஞ்சாரு இவரு?"

"வீட்டுல பசங்க மூணு பேருக்கும் உக்காரவச்சுக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாரு. என்னை மட்டும் அடுப்படிக்கு விரட்டினாரு. கதவுக்குப் பின்னால நின்னே கத்துக்கிட்டேன்."

பதிவாளர் திகைத்துப் போனார். "உங்கப்பாவா?"

"ஆமா. அவரு நாற்காலியில நான் உக்காந்தப்பவும் இதையேதான் சொன்னாரு. சாகற வரைக்கும் மாத்திக்கலை."

"அதுக்காகக் கல்லுலயும் எழுதச் சொல்லிட்டா போனாரு?"

"அவரு எங்க சொன்னாரு?"

மூதாட்டி நகர்ந்து, கல்லின் அடியில் மண்டிக் கிடந்த புல்லை இரு கைகளாலும் விலக்கினார். அங்கே இன்னொரு வரி இருந்தது.

"இவர் சொன்னதை இங்கே பொறித்தவர்: இவருடைய மகள், கணிதத்துறைத் தலைவர்."