பேசினால் எழுதும் பலகை

பள்ளிக்குப் புதிதாக வந்திருந்த ஸ்மார்ட் போர்டைப் பெற்றோருக்குக் காட்டிக்கொண்டிருந்தாள் அழகுமீனா டீச்சர்.

"மைக்கப் போட்டா, நாம பேசுறத அதுவே எழுதிரும். மொதல்ல யாரு பேசுறீக?"

கூச்சத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. திரையில் எழுத்து ஓடியது: "கண்ணுச்சாமிண்ணே, கதவத் தெறங்க."

எல்லாரும் முன்வரிசையில் இருந்த கண்ணுச்சாமியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பட்டாசுக் கம்பெனி போர்மேன். போன சீசனில் அவர் பொறுப்பிலிருந்த அறை வெடித்து ஆறு பெண்கள் கரிக்கட்டையானார்கள். கதவைப் பூட்டவே இல்லை என்று அவர் போலீசில் சத்தியம் செய்திருந்தார்.

"எவ மைக்ல பேசுறது? அத அமத்துங்க டீச்சர்!"

"மைக்க இன்னும் போடவே இல்லண்ணே."

"தீ புடிச்சிருச்சுண்ணே" என்று அடுத்த வரி வந்தது.

கண்ணுச்சாமி நாற்காலியைத் தூக்கித் திரையில் ஓங்கி அடித்தார். கண்ணாடி நொறுங்கி அவர் கையைக் கிழித்தது. நொறுங்கிய திரையிலும் எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது. ரத்தம் சொட்டச் சொட்ட அவர் வெளியே ஓடப் பார்த்தார்.

வாசல் அகலத் திறந்துதான் கிடந்தது. வெளியே வெயிலடிக்கும் மைதானம் அழகுமீனாவுக்குத் தெளிவாகத் தெரிந்தது. கண்ணுச்சாமியோ அந்த வெறும் வாசலில் நின்று, இரண்டு கைகளாலும் காற்றை அறைந்து அறைந்து கதறினார். அவர் அறைந்த ஒவ்வொரு முறையும் இரும்புக் கதவு அதிரும் சத்தம் கேட்டது.