உலோக மூட்டும் இடுப்பெலும்பும்

தபால்காரி செண்பகவல்லியின் இடுப்பில் பொருத்திய உலோக மூட்டுக்குத் தன் உறுதியில் அபார நம்பிக்கை.

ஒருநாள் பக்கத்து எலும்பு தயங்கித் தயங்கி, "அண்ணே, உங்க மேலிருந்து உதிர்ற தூள் என்னை அரிக்குது" என்றது.

"துருவே பிடிக்காதவன்டா நான்!" என்று மூட்டு சீறியது. எலும்பு அதோடு வாயை மூடிக்கொண்டது. வலியையும் அடக்கிக்கொண்டது.

வருடங்கள் போயின. செண்பகவல்லி படியேறும்போது மூட்டு ஆடியது. திரும்பிப் பார்த்தால் எலும்பு பாதிதான் இருந்தது. சுற்றிலும் கறுப்புத் தூள்.

மூட்டு அந்தத் தூளை உற்றுப் பார்த்தது; அது தன் உலோகமேதான். பிறகு, "இனிமே அடக்காதே. நல்லா வலிக்கட்டும். அவ டாக்டர்கிட்ட போகட்டும்" என்றது.

"உங்களைப் பிடுங்கிடுவாங்களே, அண்ணே?"

"நீ மிச்சமிருக்கும்போதே பிடுங்கட்டும்டா."

அடுத்த படியில் செண்பகவல்லி "அம்மா!" என்று அலறி உட்கார்ந்தாள்.