சொல்லி வைத்தாற்போல் ஒன்றரைக் கிலோ

"சின்னவன் எடை ஏறலைன்னா மறுபடி ஆஸ்பத்திரிதான்" என்று நர்ஸ் எச்சரித்ததிலிருந்து, இரட்டைக் குழந்தைகளின் அப்பா ஒரு நாள்கூடத் தவறாமல் எடை பார்த்து நோட்டில் எழுதினார்.

மூன்று வாரம் கழித்து நர்ஸ் தராசோடு வந்தார்.

"பெரியவன் நாலரைக் கிலோ, சின்னவன் நாலு! எப்படி?" என்று அப்பா நோட்டை நீட்டினார்.

நர்ஸின் தராசு மூன்று, இரண்டரை என்றது.

"உங்க தராசு ரிப்பேர், சிஸ்டர்."

"ரெண்டு பேருக்கும் சொல்லி வச்ச மாதிரி ஒன்றரைக் கிலோ இடிக்குதே! எப்படிப் பார்க்கறீங்க?"

"பிள்ளையைத் தூக்கிட்டு மெஷின்ல ஏறுவேன். என் எடை எழுபதைக் கழிச்சிடுவேன்."

"எழுபதுன்னு எப்போ பார்த்தீங்க?"

"இவங்க பொறந்த அன்னைக்கு."

"இப்போ வெறுங்கையோட ஏறுங்க."

முள் எழுபத்தொன்றரையில் நின்றது.

நர்ஸ் குழந்தைகளின் அம்மாவிடம் திரும்பினார். "நீங்க ஒழுங்கா சாப்பிடறீங்களா?"

"எங்கே சிஸ்டர்! பாதியில ஒருத்தன் அழுவான், எழுந்து ஓடுவேன். மிச்சத்தை வீணாக்கக் கூடாதுன்னு இவர் காலி பண்ணிடுவார்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. நோட்டைப் பிடுங்கி, பிள்ளைகளுக்குக் கீழே மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டாள்.

"இனிமே என் தட்டுல கை வைங்க, பார்க்கலாம்! அவங்க ஏறணும், நீங்க இறங்கணும். எழுதப்போறது நான்."